தலைவர் சொன்ன பேப்பர்

அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. தேயிலைத் தோட்டத்து லயத்தில் வீட்டுக்கு வீடு நடுச்சுவர் மெல்லிசு, அவ்வளவுதான். அன்று காலையில் ஜீவராணி வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குக்கூடப் போகாமல் போனில் கத்தியது எனக்கு ஒரு சொல் விடாமல் கேட்டதற்கு நான் என்ன செய்ய?

"பேப்பரா? யாரு பேப்பர்னு சொன்னது?"

மறுமுனையில் கஜேந்திரன். அட்டன் ஊர்ப் பையன். கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கும் சாமானைச் சுங்கத்திலிருந்து எடுத்துக் கொடுப்பது அவன் தொழில். ஜீவராணியின் தங்கை பிரியந்தி துபாயில் வேலை செய்கிறாள். அவளும் அங்குள்ள மலையகத்துப் பெண்களும் சேர்ந்து, நம் தோட்டத்துப் பெண்பிள்ளைகளுக்கென்று மாதவிடாய்க்கான பேட் பெட்டி பெட்டியாக அனுப்பியிருந்தார்கள். கடை விலைக்கு அதை வாங்க இங்கே யாருக்கும் கட்டாது. ஜீவராணியின் மகள் வினோதா மாதாமாதம் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுவது அதனால்தான். இந்த வருஷம் அவளுக்கு சாதாரணதரப் பரீட்சை வேறு.

அத்தனை பெட்டியைத் தனியாள் பெயரில் எடுக்க முடியாது, பதிந்த சங்கம் வேண்டும் என்றார்களாம். தோட்டத்தில் பதிந்திருப்பது மாரியம்மன் கோயில் சபை ஒன்றுதான். தலைவர் கந்தப்பன் பெருந்தன்மையாகக் கையெழுத்துப் போட்டார். அதைப் போட்டோ எடுக்கும்போது சால்வையை இரண்டு தரம் சரிசெய்துகொண்டதை நானே பார்த்தேன்.

என்ன சாமான் என்று பதிவது எனக் கஜேந்திரன் அவரிடம் கேட்டிருக்கிறான். "தொடைக்கிற பேப்பர் தம்பி, டிஷு மாதிரி" என்றிருக்கிறார் மனுஷன். கோயில் பெயருக்குக் கீழே மற்றதைச் சொல்ல வாய் வரவில்லையாம். பையனும் அதை நம்பி, கை துடைக்கும் தாள், கழிப்பறைத் தாள் எல்லாம் வரும் வகையில் பதிந்துவிட்டான். சுங்கத்தில் பெட்டியைத் திறந்தார்கள். பேப்பரைக் காணோம். எல்லாவற்றையும் நிறுத்திவைத்துவிட்டார்கள்.

ஜீவராணி தலைவர் வீட்டுக்குப் போனாள். எனக்கும் அந்தப் பக்கம் உப்பு கடன் வாங்க வேண்டியிருந்தது.

"பேட்டும் பச்சப்புள்ளைக்குக் கட்டுற நெப்பியும் தனி வகையாம் மாமா. பேப்பரா, பஞ்சா, துணியான்னு பாக்க மாட்டாங்களாம். எதுக்குன்னுதான் பாப்பாங்களாம்."

"அத எதுக்குன்னு நான் எப்படிப் புள்ள சொல்றது? அம்மன் பேர்ல உள்ள சபை."

"அம்மன் பொம்பளதானே மாமா?"

தலைவர் என்னைப் பார்த்தார். நான் உப்பைப் பார்த்தேன்.

"இப்பப் போயி மாத்திச் சொன்னா பொய் சொன்ன சபைன்னு ஆயிரும்."

"சொல்லாட்டி சாமான் பறிபோயிரும். கையெழுத்துப் போட்டவரு நேர்ல வந்து சொல்லணும்னு கஜேந்திரன் சொல்லுறான். வரலன்னா வெள்ளிக்கிழம பூசைக்கு ஒரு பொம்பள வர மாட்டா. நீங்களே மாவிளக்கு இடிச்சுக்குங்க."

அவர் வந்தார். துணைக்கு வா என்று யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நானாகத்தான் வேனில் ஏறிக்கொண்டேன்.

சுங்க அலுவலகத்தில் ஒரு சிங்கள அம்மா. பெட்டியிலிருந்து ஒன்றைப் பிரித்து மேசைமேல் வைத்து, "மே மொனவாத?" என்றார். இது என்னவென்று கேட்கிறார். தலைவர் நிமிர்ந்து மின்விசிறியை ஆராய்ந்தார். ஜீவராணி வாயைத் திறந்தாள். அந்த அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். கையெழுத்துக்காரர்தான் சொல்ல வேண்டுமாம்.

பிறகு நடந்ததைத்தான் என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. கந்தப்பன் சிங்களத்தில் ஆரம்பித்தார். மாதத்தில் பெண்பிள்ளைகளுக்கு என்ன ஆகிறது, பழந்துணி வைத்துக்கொண்டு எப்படி மலை ஏறுகிறார்கள், கொழுந்து மலையில் ஒதுங்க இடமில்லாமல் என்ன பாடு, எத்தனை பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதில்லை என்று நிறுத்தாமல் சொன்னார். எல்லாம் தெரிந்திருக்கிறது மனுஷனுக்கு. அந்த அம்மா தலையாட்டினார். ஏமாற்றப் பார்க்கவில்லை, தவறுதான் என்று எடுத்துக்கொண்டு, சரியான வகையில் மாற்றிப் பதியச் சொன்னார். ஆனால் கிடங்கில் திறந்து வைத்திருந்த பெட்டிகளுக்குள் மழைத் தண்ணீர் இறங்கிவிட்டதாம். அவற்றைக் கொடுக்க முடியாது, மற்றதை எடுத்துப் போகலாம் என்றார்.

வெளியே வந்ததும் ஜீவராணி வெடித்தாள்.

"அந்த அம்மாகிட்டச் சொல்ல வாய் இருந்துச்சுல்ல? கஜேந்திரன்கிட்டச் சொல்ல ஏன் இல்ல?"

"வேற பாஷைல சொன்னா நம்ம வீட்டு விஷயமாத் தெரியல புள்ள."

"நம்ம வீட்டு விஷயந்தான். உங்க வெக்கத்துல சாமான் நின்னு, எம்மக பள்ளிக்கூடத்துல வச்ச மாதிரிப் பரீட்சைக்குப் போகாம அடுப்படில ஒக்காந்திருந்தா. நனைஞ்ச பெட்டி யாரு வீட்டுப் புள்ளைக்கு வந்தது? வெள்ளிக்கிழம நீங்களே மைக்ல சொல்லணும். தமிழ்ல."

திரும்பும் வழியில் கினிகத்தேனையில் நான் வாங்கிக்கொடுத்த வடையைத் தலைவர் தொடவில்லை. வீணாக்குவானேன் என்று நானே சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை பூசை முடிந்தது. கோயில் ஸ்பீக்கர் மேல் டிவிசன் வரைக்கும் கேட்கும். தலைவர் மைக்கைப் பிடித்து, தொண்டையைக் கனைத்து, "தோட்டத்துப் பெண்பிள்ளைகளுக்கு…" என்று நிறுத்தினார். ஜீவராணி முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கண்ணை எடுக்கவில்லை.

"…மாதவிடாய் பேட் வந்திருக்கு. மண்டபத்துக்கு வந்து வாங்கிக்கங்க."

பின்னால் ரெண்டு வாலிபர்கள் சிரித்தார்கள். "என்னடா சிரிப்பு?" என்று அதே மைக்கில் அவர் போட்ட சத்தத்தில் பூசாரியின் கையிலிருந்த தட்டு ஆடியது. சிரித்தவர்களைக் கூப்பிட்டு மண்டபத்தில் பெட்டி சுமக்க விட்டார்.

பெண்கள் வரிசையில் நின்றார்கள். வரிசை பாதி வந்தபோதே பெட்டி தீர்ந்தது. மிச்சப் பேர் வெறுங்கையோடு திரும்பினார்கள். வினோதாவுக்குக் கிடைத்ததைக் கடைசியில் நின்ற பிள்ளையோடு பங்கு போட வைத்தாள் ஜீவராணி. தலைவரோடு அவளுக்கு இன்றுவரை பேச்சில்லை. இன்றுவரை பேச்சில்லை. பேசியிருந்தால் உங்களுக்குச் சொல்லாமல் இருப்பேனா?