நான்கு விரல் டீசல்

நான்கு விரல் இருந்தது, சத்தியமாக நான்கு விரல், காலையில் கொட்டகையில் அவளே குச்சியை டேங்குக்குள் விட்டு எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள், ஈரம் நான்கு விரலைத் தாண்டியே நின்றது, அப்போது டேங்க் மூடி கைதவறி விழுந்து வாசல்வரை உருண்டோடியதும் அதைத் துரத்திப் பிடித்ததும்கூட நினைவிருக்கிறது, நான்கு விரல் என்றால் மதியச் சாப்பாடு வரை கவலையில்லாமல் உழலாம், அந்த வீட்டில் எல்லோருக்கும் அது மனப்பாடம், டீசல் காட்டும் முள் செத்துப்போய் ஆறு வருடமாகிறது, அன்றிலிருந்து குச்சிதான் முள், புருஷன் நம்புவதும் அதைத்தான், கொழுந்தன் நம்புவதும் அதைத்தான், அப்புறம் எப்படி, பத்தரை மணிக்கு, பெரிய வயலின் நட்டநடுவில், கலப்பை மண்ணுக்குள் இருக்கும்போதே டிராக்டர் இரண்டு தடவை விக்கி, ஒரு தடவை தும்மி, அப்படியே வாயை மூடிக்கொள்ளும்?... கண்ணைச் சந்தேகப்படுவதா, குச்சியைச் சந்தேகப்படுவதா, பொய் சொல்லிக் குச்சிக்கு என்ன ஆகப்போகிறது, அப்படியானால் கண்தான் ஏமாந்திருக்க வேண்டும், கொழுந்தனும் அப்படித்தான் நினைத்தான், நினைத்ததைச் சொல்லாமல் லேசாகச் சிரித்தான், அந்தச் சிரிப்புதான் இன்னும் எரிகிறது.

நல்லவன்தான், குறை சொல்லக்கூடாது, போன் போட்டதும் மில்லில் இடைவேளைக்கு மணி அடித்த கையோடு பைக்கில் இருபது லிட்டர் கேனைக் கட்டிக்கொண்டு வந்தான், பளபளக்கும் ஷூவோடு உழுத மண்ணில் நொண்டி நொண்டி நடந்து கேனைச் சுமந்தான், ஊற்றினான், கையைத் தட்டிக்கொண்டு இப்போ அடிங்க அண்ணி என்றான், அவளும் சாவியைத் திருகினாள், திருகினாள், வண்டி உறுமியதே தவிரப் பிடிக்கவில்லை. டேங்க் சுத்தமாகக் காய்ந்துபோனால் குழாயெல்லாம் காற்று புகுந்து உட்கார்ந்துகொள்ளும், புது டீசல் வந்தாலும் வழிவிடாது, அதை மெக்கானிக்தான் எடுக்க வேண்டும் என்று வகுப்பெடுத்தான், மெக்கானிக்குக்குப் போனும் போட்டான், அவர் நாளை மதியத்துக்கு மேல்தான் வர முடியும் என்றார். நாளையா?... நாளை என்றால் எல்லாம் முடிந்தது. டிராக்டர் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பொது, பத்து நாளைக்கு முன்னால் அவள் புருஷன் கொட்டகை ஏணியிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டதும் விற்றுவிடலாம் என்று ஆரம்பித்தவன் இவன்தான், அவள் ஓட்டுவாள்டா என்று புருஷன் சொன்னதற்கு, சரி, ஆனால் நடுவயலில் ஒரு ராத்திரி நின்றாலும் விற்கிறோம் என்று பேச்சு முடித்தவனும் இவன்தான். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னான்.

"கோவிச்சுக்காதீங்க அண்ணி, பேசினது பேசினதுதான். நாலு மணிக்கு ஷிப்டு முடிஞ்சதும் புரோக்கரைக் கூட்டிட்டு வர்றேன், வண்டியை இங்கேயே பார்த்துக்கட்டும்."

அவள் கேட்டது ஒன்றே ஒன்று, அதுவரைக்கும் அண்ணனிடம் சொல்லாதே என்று, தலையாட்டிவிட்டுப் போனான்.

போன பிறகு வயல் ரொம்பப் பெரிதாகிவிட்டது, பாதி கறுப்பாக, பாதி வெளுப்பாக, நடுவில் இந்தப் பிடிவாதக்காரன், பேட்டரி வேறு கேவிக்கொண்டிருக்கிறது, இன்னும் மூன்று தடவை திருகலாம், மிஞ்சினால் நான்கு, அதற்குப் பிறகு டொக் டொக்கென்று ஒரு சத்தம் வருமே, அது வந்தால் மெக்கானிக்கின் அப்பாவே வந்தாலும் ஒன்றும் நடக்காது, ஆக மூன்று தடவை, எண்ணி வைத்துக்கொள், மூன்று. புருஷனுக்குப் போன் போட்டால் சொல்லித்தருவான், ஆனால் சொல்லித்தருவதோடு நிறுத்துவானா, கட்டுப்போட்ட கையோடு யார் பைக்கிலாவது தொற்றிக்கொண்டு வந்து, நீ இறங்கு, அதைத் தொடாதே, இதைப் பிடி என்று ஆரம்பிப்பான், வண்டி கிளம்பும், கிளப்பியவன் அவன் என்று ஆகிவிடும், மூன்று வேளையும் அந்தக் கையால் தட்டைப் பிடிக்க முடியாதவன்கூட டிராக்டரைக் கிளப்பிவிடுவான், அவள் ஸ்பேனர் எடுத்துக்கொடுத்தவளாக நிற்க வேண்டும். வேண்டாம். அவளுக்கு இந்த சீட் வேண்டும், அவ்வளவுதான், வெட்கமில்லாமல் சொன்னால் இந்த சீட்டின் மேல் அவளுக்குக் கொள்ளை ஆசை, பதினோரு வருடமாகப் பின்னறையில் பள்ளிக்கூடப் பை தைக்கிறாள், காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊசி முனையையே பார்த்துப் பார்த்துக் கண்ணுக்கு அந்த ஒரு அங்குலம்தான் உலகம் என்று ஆகிவிட்டது, இங்கே ஏறி உட்கார்ந்த முதல் நாள் ரோடு தெரிந்தது, ரோட்டுக்கு அப்பால் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது, அதற்கும் அப்பால் யாரோ மாடியில் துணி உலர்த்துவது தெரிந்தது, இவ்வளவு தூரம் பார்க்கிற கண்ணா தன்னுடையது என்று அவளே அசந்துபோனாள். இதைப் புரோக்கரிடம் எந்தக் கணக்கில் சொல்வது?

பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர், அது தெரியும், இத்தனை வருடம் எடுத்துக்கொடுத்தவளுக்கு அதுகூடத் தெரியாதா, பில்டர் தலையில் இருக்கும் ஏர் ஸ்குரூவை முதலில் லூஸ் பண்ண வேண்டும், அதுவும் தெரியும், இங்கேதான் காற்று வெளியே வரும், கீழே பக்கவாட்டில் கை பம்பு, அதை அமுக்கினால் டீசல் மேலே ஏறி வரும், வரும்போது காற்றைத் தள்ளிக்கொண்டு வரும், பார்த்திருக்கிறாள், பார்ப்பதும் செய்வதும் ஒன்றா?... ஸ்குரூ சுலபமாகவே அசைந்தது, கழுத்தில் ஏதோ நூல் சுற்றியிருந்தது, டீசலில் ஊறி நைந்து ஸ்குரூவோடு சுருண்டு வந்தது, எந்தக் காலத்து நூலோ என்று உருவி விரலில் சுற்றிக்கொண்டாள், இப்போது அதற்கெல்லாம் நேரமில்லை. மண்டி போட்டுப் பம்பை அமுக்கினாள், இருபது, நாற்பது, எழுபது, பம்பு கையில் தொளதொளவென்று ஆடியது, பல் விழுந்த வாய் சோறு மெல்வதுபோல் ஒரு பலனும் இல்லை, ஸ்குரூ வாயில் ஒரு சொட்டுகூட எட்டிப்பார்க்கவில்லை, நூற்றி இருபது, தோள் கழன்றுவிடும்போல் வலித்தது, பம்பு போய்விட்டதா, பம்பே போய்விட்டால் என்ன செய்வது, எழுந்து டயரை ஓர் உதை விட்டாள், டயருக்கு ஒன்றும் ஆகவில்லை, கால் கட்டைவிரல்தான் விண்ணென்றது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது, அழுகையை மட்டும் விழுங்கினாள்.

சாவிய ஒரு தட்டு தட்டு... யார் சொன்னது, புருஷன்தான், எப்போதும் சொல்வான், வண்டிக்கு அடியில் தலையைக் கொடுத்துக்கொண்டே, ஒரே ஒரு தட்டு, ஸ்டார்ட் பண்ணிடாத, அவள் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் தட்டுவாள், எஞ்சின் க்ளுக்கென்று ஒரு அசைவு அசைந்து நிற்கும், போதும் என்பான், எதற்கு என்று அவள் கேட்டதில்லை, சும்மா நிற்கிறாளே என்று ஒரு வேலை கொடுக்கிறான், அழுகிற பிள்ளைக்குக் கிலுகிலுப்பை கொடுப்பதுபோல, அப்படித்தான் நினைத்திருந்தாள். வேலை கொடுக்கிற ஆளா அவன்? டம்ளரைக்கூட இப்படி நகர்த்து என்று சொல்லாதவன் ஆயிற்றே, அப்படியானால் அந்தத் தட்டு எதற்கு, எஞ்சின் கொஞ்சம் சுற்றுவதற்கு, எஞ்சின் சுற்றினால் பம்புக்கு என்ன... இரு, இரு, தையல் மிஷினில் நூல் தூக்கும் கை உச்சியில் போய் நின்றுவிட்டால் அதை இன்னும் தூக்க முடியுமா, எவ்வளவு இழுத்தாலும் வெறும் ஆட்டம்தான், சக்கரத்தைக் கையால் அரைச் சுற்று சுற்றிவிட்டால் அது கீழே இறங்கும், மறுபடி தூக்கும், பதினோரு வருடமாக ஒரு நாளைக்கு நூறு தடவை செய்கிறாளே, இந்தப் பம்பையும் எஞ்சினுக்குள்ளிருந்து ஏதோ ஒன்று சுற்றிச் சுற்றித் தள்ளிக்கொண்டுதானே இருக்கும், எஞ்சின் நிற்கும்போது அது முழுசாகத் தள்ளிய இடத்திலேயே நின்றுவிட்டதென்றால் கை அமுக்க மிச்சம் என்ன இருக்கும்? ஓடிப்போய் டயரோரம் நின்றபடியே எட்டிச் சாவியைத் தட்டினாள், ஒரே தட்டு, க்ளுக், மூன்றில் ஒன்று போயிற்று, போகட்டும், திரும்ப மண்டி போட்டுப் பம்பில் கை வைத்தாள், பம்பு விறைத்துக்கொண்டு எதிர்த்தது. அந்த எதிர்ப்பு கையிலிருந்து தோளுக்கு ஏறி நெஞ்சுக்குள் போனது, அடிப்பாவி, நீ பெரிய ஆளடி என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

பத்தாவது அமுக்கலில் ஸ்குரூ வாயில் நுரை வந்தது, இருபதில் குமிழ் குமிழாக, முப்பதில் குமிழ் ஓய்ந்து டீசல் சுத்தமாக வழிந்தது, கை, முழங்கை, புடவை எல்லாம் டீசல், ஸ்குரூவை இறுக்கினாள், மறுபடி அமுக்கினால் இறுக்கிய இடத்திலேயே கசிகிறது, இன்னும் இறுக்கினாள், இன்னும் கசிகிறது, வாஷர் தேய்ந்திருக்கிறது, ஓ, அதற்குத்தான் நூல், விரலில் சுற்றியிருந்ததைப் பிரித்துத் துடைத்து ஸ்குரூ கழுத்தில் நெருக்கமாகச் சுற்றினாள், நூல் சுற்றுவதை அவளுக்கு யார் சொல்லித்தர வேண்டும், துடைத்ததும் சிவப்பாகப் பளிச்சென்று தெரிந்தது, சிவப்பு, மூன்று பிரி, மெழுகு நூல்... மனதில் எங்கோ ஒரு முள் குத்தியது, அப்புறம் பார்க்கலாம், இப்போது இறுக்கு. கசியவில்லை. பக்கத்துப் பெரிய பம்பில் இன்னொரு ஸ்குரூ, அதிலும் நுரை, குமிழ், சுத்தம், இறுக்கு, கடைசியாக எஞ்சின் தலைக்குப் போகும் மூன்று குழாய் நட்டுகளையும் அரைச் சுற்று லூஸ் பண்ணிவிட்டு எட்டிச் சாவியைத் திருகினாள், இரண்டாவது தடவை, பேட்டரி முக்கி முனகி எஞ்சினைச் சுற்றியது, ஒன்று துப்பியது, இரண்டாவது துப்பியது, மூன்றாவது துப்ப யோசித்தது, துப்பு, துப்பித்தொலை, துப்பியது, மூன்றையும் இறுக்கிவிட்டு சீட்டில் ஏறினாள். மிச்சம் ஒரு தடவை. இதுவும் பிடிக்காவிட்டால் நாலு மணிக்கு இங்கேயே புரோக்கர் டயரைத் தட்டிப் பார்ப்பான், பல்லைப் பார்த்து மாடு வாங்குபவன்போல, அவள் பின்னறைக்குத் திரும்பிப் போவாள், அந்த ஒரு அங்குலத்துக்கு. கண்ணை மூடவில்லை, திறந்துகொண்டே திருகினாள். உறுமல், உறுமல், சோர்வு, ஒரு வெடி, வெள்ளைப் புகை, இன்னொரு வெடி, அப்புறம் மூன்றும் சேர்ந்து தடதடதடவென்று பிடித்துக்கொண்டது, சீட் அதிர்ந்தது, பல் அதிர்ந்தது, வரப்பில் இருந்த பறவைகள் எல்லாம் எழும்பிப் பறந்தன, அவள் வாய்விட்டுக் கத்தினாள், என்ன கத்தினாள் என்று அவளுக்கே கேட்கவில்லை. சந்தோஷம் என்றால் இதுதான், இவ்வளவு வயதுக்கு இப்போதுதான் கையில் கிடைத்திருக்கிறது, டீசல் நாற்றத்தோடு.

கலப்பை இறங்கியது, மண் புரண்டது, கறுப்பு பெருகி வெளுப்பு குறைந்தது, சால் நேராகப் போனது, அவள் மனம்தான் நேராகப் போகவில்லை, சிவப்பு நூல், அவள் நூல்தான், வேறு யாருடையதாக இருக்கும், ஆனால் அவள் சிவப்பு வாங்கியதே இல்லையே, நீலமும் கறுப்பும்தான், போன மாதம் கடைக்காரன் மாற்றி அனுப்பியதுதான் அந்த ஒரே சிவப்புக் கண்டு, அப்படியானால் போன மாதத்துக்குப் பிறகு யாரோ அந்த ஸ்குரூவைத் திறந்திருக்கிறார்கள், யாரோ என்ன யாரோ, மெக்கானிக் வரவே இல்லை, கொழுந்தன் கையில் கிரீஸ் படாது... அவன்தான். ஏணியிலிருந்து விழுவதற்கு ஒரு வாரம் முன்னால் இருட்டிய பிறகு வந்தானே, ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டதற்கு, பஞ்சர் என்று ஒரே வார்த்தை, தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான், மறுநாள் அந்தச் சட்டையை இரண்டு தடவை துவைத்தும் டீசல் வாடை போகவில்லை, பஞ்சர் ஒட்டியவன் சட்டையில் டீசல் ஏன் என்று அவளுக்கு ஏன் தோன்றவில்லை, அடடா, அடடா, இந்த மனுஷனும் இதேபோல் எங்கோ நட்டநடுவில் நின்றிருக்கிறான். குச்சியைப் பார்க்காமல் போகிற ஆளில்லை, பார்த்திருப்பான், நான்கு விரல் இருந்திருக்கும், அப்புறம் எப்படி... டேங்க் மூடி. காலையில் கைதவறிய மூடி ஏன் வாசலைப் பார்த்து உருண்டது, யாரும் தள்ளவில்லையே, தானாக உருண்டது, தரை சரிவு, ஆறு வாரத்துக்கு முன்னால் தண்ணீர் வடியட்டும் என்று அவனே வாசல் பக்கம் சரித்து சிமெண்ட் போட்ட தரை, ஊரையே கூப்பிட்டுக் காட்டிப் பெருமைப்பட்ட தரை, டிராக்டர் மூக்கு உள்ளே, முதுகு வாசல் பக்கம், டீசல் எல்லாம் பின்னால் இறங்கி, குச்சி விடும் ஓட்டைக்கு அடியிலேயே தேங்கி நிற்கும், அங்கே நான்கு விரல், சமதரையில் இரண்டே விரல். கண்ணும் பொய் சொல்லவில்லை, குச்சியும் பொய் சொல்லவில்லை. பத்து நாளாகச் சின்ன வயலில் சுற்றியதால் தெரியவில்லை, இன்றைக்குப் பெரிய வயலில் இறங்கியதும் மாட்டிக்கொண்டாள். அவனுக்குத் தெரியுமா, தரைதான் காரணம் என்று கண்டுபிடித்தும், போட்ட தரையின் மானம் போகும் என்று வாயை மூடிக்கொண்டானா, கண்டுபிடித்தவன் அவளை ஒரு வார்த்தை எச்சரிக்காமல் அனுப்புவானா, இல்லை, தானே கவனக்குறைவாக இருந்துவிட்டோம் என்று நினைத்து வெட்கப்பட்டுப் பஞ்சருக்குள் ஒளிந்துகொண்டானா?... முதலாவது என்றால் கோபப்பட வேண்டும், இரண்டாவது என்றால் பாவம், எதைப் படுவது என்று தெரியாமல் அடுத்த சாலுக்கு வண்டியைத் திருப்பினாள்.

நாலு மணிக்கு ரோட்டோரம் பைக் வந்து நின்றது, பின்னால் புரோக்கர், கக்கத்தில் பை, இரண்டு பேரும் இறங்காமல் உட்கார்ந்தபடியே பார்த்தார்கள், வயலில் வெளுப்பு ஒரு கீற்றுதான் மிச்சம், அவள் அவர்களைக் கடந்து போகும்போது வேகத்தைக் குறைக்கவில்லை, ஒரு கையை மட்டும் தூக்கிக் காட்டினாள், டீசல் ஊறிய கையை, முழங்கைவரை கறுத்த கையை, புரோக்கர் கொழுந்தன் தோளைத் தட்டிப் போகலாம் என்றதுபோல் இருந்தது. பைக்கைத் திருப்புவதற்கு முன் கொழுந்தன் போனைக் காதில் வைத்ததைப் பார்த்தாள், நாலு மணி வரைக்கும்தானே சொல்லாதே என்றாள், வாக்குத் தவறவில்லை, பாவம். வயல் முனையில் அவள் போன் அடித்தது, புருஷன், கலப்பையைத் தூக்கிவிட்டு, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையிலேயே எடுத்தாள்.

"தம்பி இப்பத்தான் சொன்னான். வண்டி நின்னுடுச்சாமே, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லைங்க," என்றாள். "பஞ்சர்."

அந்தப் பக்கம் பேச்சில்லை. துண்டித்துவிடவும் இல்லை, மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது, அவன் சிரிக்கிறானா, கூசிப்போய் நிற்கிறானா, இல்லை தரையைச் சொல்லலாமா வேண்டாமா என்று இன்னமும் யோசிக்கிறானா, தடதடக்கும் இந்தச் சத்தத்தில் ஒன்றும் பிடிபடவில்லை, போனைக் காதோடு அழுத்திப் பார்த்தாள், எஞ்சினை ஒரு நிமிடம் நிறுத்தினால் கேட்டுவிடும், கை நிறுத்தும் குமிழ்வரை போனது... அவள் நிறுத்தவில்லை.