ஜெனரல் வராத படம்

ஆண்டனிராஜின் குரல் போவதற்கு இன்னும் நாற்பத்தொரு மணி நேரம் இருந்தது. சனிக்கிழமை மதியம் மூன்று மணி. திங்கள் காலை எட்டு மணிக்கு மதுரையில் அவருடைய குரல்வளையை எடுத்துவிடுவார்கள். வீட்டில் யாரும் அதை அப்படிச் சொல்வதில்லை. ‘ஆபரேஷன்’ என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

மகள் மரியசெல்வி வேதியியல் படித்தவள். படிக்க வேண்டாததையெல்லாம் தேடிப் படித்துவிட்டிருந்தாள். அதற்குப் பிறகு அப்பா சிரித்தாலும் சத்தம் வராது. அந்தச் சிரிப்பை மட்டுமாவது போனில் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தாள். ‘சிரிங்கப்பா, பதிவு பண்ணிக்கிறேன்’ என்று நேரில் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. அதனால்தான் படம்.

அது பழைய இங்கிலீஷ் படம். போர் நடக்கும்போது ஆறு சிப்பாய்கள் எதிரி ஊர் பாங்கில் தங்கக் காசு திருடும் கதை. எரியோட்டிலிருந்து திண்டுக்கல்லுக்கு ஆசிரியர் பயிற்சிக்கு வந்துபோன காலத்தில், ஒரு மாலைக் காட்சியில் அப்பா பார்த்தது. அதைச் சொல்லிச் சொல்லியே வீட்டைச் சிரிக்க வைத்திருக்கிறார். கடைசிக் கட்டம்தான் உயிர். காசையெல்லாம் மாவுக்குள் புதைத்து ரொட்டியாகச் சுட்டுவிடுவார்கள். பசியோடு வரும் எதிரி ஜெனரல் ஒன்றைக் கடிக்க, பல்செட் கழன்று ரொட்டியிலேயே நின்றுவிடும். அப்பா உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு, பல் போன ஜெனரலாக உத்தரவு போடுவார். போட்டுவிட்டு அவரே முதலில் சிரிப்பார்.

மூன்று வாரம் தேடிப் படத்தைப் பிடித்து, பென்டிரைவில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தாள். படத்தை டி.வி.யில் போட்டுவிட்டு, போனில் குரல்பதிவை ஓடவிட்டு, அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் நாளிதழுக்கு அடியில் வைத்தாள்.

“இப்பப் பாரு, அந்தக் குண்டன் ஏணிய மறந்துட்டு வருவான்” என்றார் அப்பா.

வந்தான். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

“இவனா அவன்?” என்றாள் அம்மா ஆரோக்கியம்மாள், பூண்டு உரித்தபடி. “நீங்க சொல்றப்ப இன்னும் கூத்தால்ல இருந்துச்சு.”

“செத்த பொறு. இனிமேத்தான் இருக்கு.”

பாங்கை உடைத்த பிறகு அப்பா பேசவில்லை. நாற்காலி நுனிக்கு வந்து, இமைக்காமல் பார்த்தார். லாரிகள் ஓடின. பாலம் வெடித்தது. ஒரு சிப்பாய் செத்தான், அவனுடைய பூட்ஸ் யாருக்கு என்று மற்றவர்கள் கேலி பேசினார்கள். யாரும் ரொட்டி சுடவில்லை. ஜெனரல் வரவே இல்லை. தங்கம் ஆற்றில் போய்விட, கரையில் ஐந்து பேரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு நிற்கும்போதே எழுத்து ஓட ஆரம்பித்தது.

“இம்புட்டுத்தானா?” என்றாள் அம்மா. “இதுக்கா இருவத்தெட்டு வருசமா எங்கள வயிறு வலிக்கச் சிரிக்க வச்சீங்க? ஏ செல்வி, நல்ல எடத்தையெல்லாம் எவனோ வெட்டிப்புட்டான் போல.” பூண்டுத் தட்டோடு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

செல்வி நாளிதழை விலக்கினாள். இரண்டு மணி நேரம் பதினான்கு நிமிஷம் பதிவாகியிருந்தது. துப்பாக்கிச் சத்தம், யாரோ ஆறு பேரின் பேச்சு. அப்பாவின் சிரிப்பு ஒரு இடத்திலும் இல்லை. மிச்சமிருந்த குரலில் இரண்டு மணி நேரத்தைத் தூக்கி அந்தச் சிப்பாய்களுக்குக் கொடுத்துவிட்டோம் என்று பட்டது. ‘ஜெனரல் மாதிரி பேசுங்கப்பா’ என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எரிச்சலில் பதிவை நிறுத்திப் போனைக் கவிழ்த்தாள்.

“நல்லா விசாரிச்சுட்டேன்ப்பா. வெட்டல, இதுதான் முழுப் படம். அப்ப ஜெனரல் எங்க?”

அப்பா கழுத்தைத் தடவினார். அவளைப் பார்த்தார். பிறகு மெல்ல உதட்டை உள்ளே மடித்தார்.

“ஜெனரலு எரியோட்டு வண்டியப் புடிக்கப் போயிட்டாரு” என்றார், பல் போன குரலில்.

சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். கரகரப்போடு வந்தாலும் அதே சிரிப்பு. தோள் குலுங்கி, கண்ணில் நீர் வரும் வரைக்கும் சிரித்தார். போன் கை எட்டும் தூரத்தில் கவிழ்ந்து கிடந்தது. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்ததால் அவள் கையை நீட்டவில்லை.

சிரிப்பு இருமலில் போய் நின்றது. அவள் தண்ணீர் கொடுத்தாள். ஒரு மடக்குக் குடித்துவிட்டு, அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“ஊருக்குக் கடைசி வண்டி எட்டு பத்துக்கு தாயி. எடவேள பெல்லு அடிச்சதும் ஓடியாந்துட்டேன். ஜெனரலு, ரொட்டியெல்லாம் வண்டியில வாரப்ப நானாக் கட்டுனது. அந்தப் படத்தோட பின்பாதிய இன்னைக்குத்தான் பாக்குறேன்.”