ஒன்பதாவது சொல்லோடு நின்ற வசனம்

"மூசான்னு பேரை வெச்சிக்கிட்டு வெள்ளிக்கிழமை தொழுகைக்கு வராம எங்கல ஓடுதான்னு கேம்ப்ல கேக்கானுவ" என்றார் அதே கேம்ப்பில் தங்கியிருந்த டிரைவர் செல்வநாயகம், ஜுமைரா வில்லா ஒன்றின் வாசலில் காரை நிறுத்தியபடி. "யூதன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதானல?"

"சொன்னா யாரு நம்புவா அண்ணாச்சி? உள்ள இருக்கிற யூதங்களே நம்பலை."

மூசா கொச்சிக்காரன், கோயம்புத்தூரில் படித்தவன். ஜெபல் அலி துறைமுகத்தில் கிரேன் டெக்னீஷியன். அந்நாளில் துபாயில் யூதர்களுக்கு ஜெப ஆலயம் இல்லாததால், வெள்ளி மாலைகளில் என்ஜினியர் ஃபெல்ட்மான் வீட்டில் சத்தமில்லாமல் கூடுவார்கள். அன்று மூசாவின் அம்மாவுக்கு முதல் நினைவு நாள். இறந்தவருக்காகக் கதீஷ் ஜெபம் சொல்ல, அவர்கள் வழக்கப்படி பத்து ஆண்கள் வேண்டும்.

ஆட்களை ஒன்று, இரண்டு என்று எண்ணக்கூடாது என்பதும் வழக்கம். அவர்கள் வேதத்தின் சங்கீதப் புத்தகத்தில் பத்துச் சொல் கொண்ட எபிரேய வசனம் ஒன்றைத் தலைக்கொரு சொல்லாகச் சொல்வார்கள். ஃபெல்ட்மான் சொல்லிக்கொண்டே வந்தார். மூசாவை மட்டும் தாண்டிப் போனார். ஒன்பதாவது சொல்லோடு வசனம் நின்றது.

"ஒருவர் குறைகிறார்" என்றார் ஆங்கிலத்தில்.

"நான் இருக்கிறேனே சார்."

"நீ யூதன்தான் என்று உங்கள் ஊர் மதகுரு, ஒரு ரபி, தரும் கடிதம் கேட்டிருந்தேன். இந்திய யூதர்கள் விஷயத்தில்..."

"உங்களிடம் யார் கடிதம் கேட்டார்கள்?"

ஃபெல்ட்மான் கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, இன்றைக்கு மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்."

மூசா தலையாட்டினால் போதும், அம்மாவுக்கான ஜெபம் நடந்துவிடும்.

"வேண்டாம் சார். கொச்சியில் வெள்ளை யூதர்கள், கறுப்பு யூதன் என்று என் தாத்தாவையும் எண்ணவில்லை. ஆள் குறைகிற நாளில் மட்டும் நான் யூதனா? அடுத்த வாரம் இருபது பேர் வந்தாலும் என்னை எண்ணுவீர்களா? அதைச் சொல்லுங்கள்."

"உன் தாய்க்காகவாவது..."

"அம்மா இங்கே இருந்திருந்தால் இந்நேரம் எழுந்து போயிருப்பாள்."

பின்வரிசையில், பாக்தாத் குடும்பத்துக் கிழவர் ஒருவர் கனைத்தார். "அவன் கணக்கில் இல்லையென்றால் நானும் இல்லை, ஃபெல்ட்மான். எட்டுப் பேரை வைத்துக்கொண்டு சீட்டு விளையாடு."

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். ஃபெல்ட்மான் சிரிக்கவில்லை.

"எண்ணுவேன்" என்றார் கடைசியில். "எல்லா வாரமும்."

மறுபடி தொடங்கினார். முதல் சொல் மூசாவின் மேல் விழுந்தது. பத்தாவது, ஃபெல்ட்மான் மேலேயே.

மூசா எழுந்து கதீஷைச் சொன்னான். தெருவுக்குக் கேட்குமோ என்று ஒருவர் பதறி வாசலைப் பார்த்தார். மூசா குரலைத் தாழ்த்தவில்லை.