பீடத்தை மறந்த கணக்கு

பிளம்பர் தனியாக எடுத்த முதல் பெரிய வேலை அது. புது ஹோட்டலின் முற்றத்தில் இரண்டு தொட்டிகள். ஒன்றிலிருந்து நீர் வளைந்து கிளம்பி, நடைபாதையைத் தாண்டி, மற்றதில் விழ வேண்டும். அடியில் நடப்பவர் மேல் ஒரு சொட்டு படக்கூடாது. பட்டால் இந்த ஊரில் அடுத்த வேலை கிடைத்த மாதிரிதான்.

கணக்கு மனைவியுடையது. வருஷக்கணக்காக இருபடிச் சமன்பாடு நடத்தும் டீச்சர். அவள் எறிந்த பந்துகளெல்லாம் கரும்பலகையிலேயே பறந்தவை. யார் தலையிலும் விழுந்ததில்லை. அந்தத் தெம்பில், ஐந்து மீட்டர் தாண்ட, நாற்பத்தைந்து டிகிரி சாய்வில், வினாடிக்கு ஏழு மீட்டர் வேகம் போதும் என்று அடித்துச் சொல்லிவிட்டாள்.

அவள் வால்வைத் திறந்தாள். நீர் தொட்டியைத் தாண்டிப் போய், அந்தப் பக்கம் நின்ற கணவரின் இஸ்திரி போட்ட சட்டையில் விழுந்தது.

"டீச்சரம்மா, உங்க கணக்கு என்னைக் குளிப்பாட்டிருச்சு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஹோட்டல் முதலாளி வரும் நேரம். டேப் பிடித்துப் பார்த்தால் எண்பத்தைந்து சென்டிமீட்டர் அதிகம். கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டாலும் அதே ஏழு. அப்புறம்தான் குழாய் முனையைப் பார்த்தாள். அது ஒரு மீட்டர் உயரப் பீடத்தின் மேல் இருந்தது. பாடப்புத்தகப் பந்து தரையிலிருந்தே கிளம்பும். பழக்கதோஷத்தில் இவளும் தரையிலிருந்தே கிளப்பியிருக்கிறாள்.

பீடத்தின் ஒரு மீட்டரையும் சேர்த்து, சிமெண்ட் பையின் மேல் கணக்கை மறுபடி போட்டாள். இரண்டு விடைகள். ஒன்று, நீர் விழுந்த அதே இடம். மற்றது, மைனஸ் எண்பத்தைந்து சென்டிமீட்டர். பிள்ளைகளிடம் யோசிக்காமல் அடித்துவிடச் சொல்லும் விடை. இன்று டேப்பைப் பீடத்துக்குப் பின்னால் நீட்டிப் பார்த்தாள். இந்த வளைவு தரையிலிருந்து தொடங்கியிருந்தால் அங்கிருந்துதான் தொடங்கியிருக்கும். அவளுக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

"ஏழு வேண்டாங்க. வேகத்தைக் குறைச்சு ஆறு புள்ளி நாலு வைங்க."

அவர் வால்வைத் திருகி முடிக்கவும் முதலாளி வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

"உங்க சட்டை ஏன் இப்படி சொட்டுது?"

"அது முந்தின கணக்கு சார். இப்போ நீங்க தாராளமா நடக்கலாம்."

முதலாளி தயங்கினார். டீச்சர் முன்னால் போய் நடைபாதையின் நடுவில் நின்றாள். அவள் போட்ட வளைவு தலைக்கு மேலே ஏறி, இறங்கி, தொட்டிக்குள் சரியாக விழுந்துகொண்டிருந்தது. முதலாளி அவளைச் சுற்றிக்கொண்டு போனார், திரும்பியும் வந்தார். அவர் சட்டையில் ஒரு சொட்டுகூடப் படவில்லை.

"வேலை பிரமாதம்," என்றார்.

"டீச்சரம்மா, வாங்க, வீட்டுக்குப் போலாம்," என்று கூப்பிட்டார் கணவர்.

"இருங்க," என்றாள் அவள், அண்ணாந்து பார்த்தபடியே.