பறவைகளுக்கு விடப்பட்டவன்

ஒரு மனிதனின் உடலை வானத்துப் பறவைகளுக்குப் பங்குவைக்கும் அதிகாரம், கடவுளுக்கு அடுத்தபடியாக நீதிபதி ஹார்ட்விக்குக்குத்தான் இருந்தது. ஒரே நிபந்தனை, அப்போது அவர் வயிறு காலியாக இருக்க வேண்டும். சாப்பிட்டுவிட்டுச் சொன்ன தீர்ப்பு செல்லாது.

சுங்கக்காரனின் பல்லை உடைத்துவிட்டு, மூன்று முறை அழைத்தும் சபைக்கு வராத ரொட்டிக்காரன் வீப்ரெக்டுக்கு இன்று தீர்ப்பு. காவலர்கள் காடெல்லாம் தேடியும் ஆள் கிடைக்கவில்லை. அவன் மனைவி கெர்லிண்ட் சபையைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நின்றாள்.

"இவரு தீர்ப்புல சொல்ற ஃபோகல்ஃப்ரைங்கற வார்த்தைக்கு எங்க தாத்தா காலத்துல பறவையாட்டம் யாருக்கும் அடிமையில்லாதவன்னு அர்த்தம்டீ," என்றாள் பக்கத்து வீட்டு ஊட்டா. "இப்ப எவன் வேணாலும் வெட்டலாம், பொணம் காக்காய்க்குன்னு ஆக்கிட்டானுங்க."

"சும்மா இரு அக்கா, தீர்ப்பு சொல்லப் போறாரு," என்றாள் கெர்லிண்ட்.

நீதிபதி எழுந்து கையை உயர்த்தினார். "அவன் உடல் வானத்துப் பறவைகளுக்கு..."

மரத்திலிருந்து ஒரு சிட்டுக்குருவி இறங்கி அவர் தாடியைக் கொத்தியது. இன்னும் இரண்டு வந்தன.

"ஐயா, பறவைங்க ஆள் மாறி வந்துடுச்சு!" என்று கத்தினாள் ஊட்டா.

சபை மூத்தவர் தாடியிலிருந்து ஒரு துணுக்கை எடுத்துப் பார்த்தார். "கசகசா ரொட்டி."

"அது நேத்து ராத்திரி..." என்று இழுத்தார் நீதிபதி.

"இன்னும் மெத்துனு இருக்கே, எஜமான்."

தீர்ப்பு செல்லாதென்று சபையைக் கலைத்து, கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். வழக்கு மறுபடி முதல் அழைப்பிலிருந்துதான். அதற்குள் சுங்கக்காரனைச் சமாதானம் செய்துவிடலாம். கெர்லிண்டுக்கு மூச்சு வந்தது.

கெர்லிண்ட் நீதிபதி வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்த அந்த ரொட்டியை அன்று விடியற்காலையில், தன் வீட்டு அடுப்பிலேயே சுட்டவன் வீப்ரெக்ட்.