ஓசெல் ட்ராமல் வந்துபோன ஊர்

ஓசெல் ட்ராமல் யாரையும் நம்பமாட்டார். எந்த ஊருக்குப் பாடப் போனாலும் சொந்த மைக்கை ஒரு பழைய காலுறைக்குள் திணித்துப் பையில் எடுத்துக்கொண்டுதான் போவார். அடுத்தவன் மைக்கில் அடுத்தவன் எச்சில்தான் இருக்கும் என்பார். மிசிசிப்பியில் அந்தப் பருத்திக்காட்டு ஊருக்கு வந்தபோதும் பையைத் தோளைவிட்டு இறக்கவில்லை.

கோடைத் திருவிழா. சாயங்காலம் அவர் பாட்டு. அதற்கு முன் சாப்பிடட்டும் என்று சர்ச்சின் பின்கட்டுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே பெண்கள் கெளுத்தி மீனைச் சோளமாவில் புரட்டி எண்ணெயில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் தலைவி வெர்லீன் என்கிற அம்மாள். கிட்டத்தட்ட அவர் வயதுதான் இருக்கும். கரண்டியோடு வந்து அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க ஓசெல் ட்ராமல் இல்லையே."

ஓசெல் டிரைவிங் லைசென்ஸை எடுத்து நீட்டினார். அந்த அம்மாள் அதைத் தொடக்கூட இல்லை.

"இதை எவன் வேணா அச்சடிப்பான் மிஸ்டர். நான் அவரை இதோ, இந்தக் கிட்டத்துல பார்த்திருக்கேன். ஆள் உங்களைவிடக் குட்டை. முன்பல்லுல சந்து."

மற்றவர்கள் சிரித்தார்கள். வர்றவன் எல்லாம் ஓசெல்லுன்னா மீனுக்கு நாங்க எங்க போறது என்றாள் ஒருத்தி.

பிறகு வெர்லீனே விவரம் சொன்னாள். அவரை அவள் பார்த்தது, அவள் அண்ணன் வியட்நாம் சண்டையில் செத்த சேதி வந்த வாரம். ஓசெல் ட்ராமல் வருகிறார் என்று மாதக்கணக்காக ஊரே காத்திருந்தது. வீட்டில் முடங்கிக் கிடந்த அம்மாவை அக்கம்பக்கத்தார் இழுத்துக்கொண்டு போனார்கள். பாதியில் கரண்டு போய்விட்டது. யாரோ விஷயத்தைச் சொல்ல, அந்த மனுஷன் இருட்டில் மேடையை விட்டு இறங்கி வந்தார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு 'தாழ்ப்பாள் போடல, வந்துடு' பாட்டை, பிரார்த்தனை மாதிரி, நிறுத்தி நிறுத்திப் பாடினார். அன்றிலிருந்து அந்தப் பாட்டில்லாமல் இந்த ஊரில் யாரையும் புதைத்ததில்லை.

ஓசெலுக்கு மீன் இறங்கவில்லை. அவர் அந்த ஊருக்கு வருவதே இப்போதுதான் முதல் தடவை.

நடந்தது அவருக்கு விளங்கிவிட்டது. அந்தக் காலத்தில் இசைத்தட்டு வெறும் காகித உறையில் வரும். குரல் தெரியும், முகம் தெரியாது. அவருடைய அந்த ஒரே பாட்டு ரேடியோவில் கொடிகட்டிப் பறந்த வருஷம், கச்சேரி ஏஜெண்ட் ஒருவன் கிடைத்த ஆளுக்கெல்லாம் ஓசெல் என்று பெயர் வைத்து ஊர் ஊராக அனுப்பினான். ஒரே ராத்திரி டெக்சாஸிலும் ஜார்ஜியாவிலும் ஓசெல் பாடினார். நிஜ ஓசெல் மெம்ஃபிஸில் ஜலதோஷத்தோடு படுத்திருந்தார்.

அந்தப் பாட்டுக்காக அவர் விட்டது கொஞ்சமல்ல. அப்பா போதகர். சர்ச் பாடகர் குழுவில் வளர்ந்த குரலைக் கொண்டுபோய் ஓடிப்போன பெண்ணைக் கூப்பிடுகிற பாட்டுக்குக் கொடுத்தான் என்று, அப்பா சாகும்வரை ஜெபத்தில் மகன் பெயரைச் சொல்லவில்லை. அப்புறம் இசைத்தட்டுக் கம்பெனி மூழ்கியது. பாட்டின் உரிமை எவனெவன் கைக்கோ போனது. ஓசெல் ஓய்வு பெறும்வரை டவுன் பஸ் ஓட்டினார். மிச்சம் இருந்தது பெயர் ஒன்றுதான். இந்த ஊரில் அதையும் ஒரு சந்துப்பல்லன் கொண்டுபோயிருக்கிறான்.

இன்றைக்கு மேடையில் உண்மையை உடைத்துவிடுவது என்று முடிவு செய்தார்.

சாயங்காலம் சொந்த மைக்கை மாட்டினார். இசைத்தட்டில் இருந்தபடியே வேகமாக, ஆடச் சொல்கிற தாளத்தில் ஆரம்பித்தார். யாரும் ஆடவில்லை. கூடப் பாடினார்கள். ஆனால் அவர் மூன்றாவது வரியில் இருக்கும்போது அவர்கள் முதல் வரியிலேயே நின்றுகொண்டிருந்தார்கள். ஏறுகிற ஜனம் ஏறாமலே பஸ்ஸை எடுத்ததுபோல் இருந்தது அவருக்கு.

கையைக் காட்டி வாத்தியங்களை நிறுத்தினார். 'உங்களை ஒருத்தன் ஏமாத்திட்டான்' என்கிற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முன்வரிசையில் வெர்லீன் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். வாத்தியம் நின்றது அவளுக்குத் தெரியவில்லை. உதடு அதன்பாட்டுக்கு அசைந்தது. மடியில் ஒரு கை இன்னொரு கையைப் பிடித்திருந்தது, யாருடைய கையையோ பிடித்திருப்பதுபோல.

அந்தக் கையை விடுவிக்க ஓசெலுக்கு மனசு வரவில்லை.

மேடையை விட்டு இறங்கினார். எவனுக்கும் கொடுக்காத மைக்கை அவளிடம் நீட்டினார்.

"சிஸ்டர், ஓசெல் எப்படிப் பாடினார்னு எடுத்துக் கொடுங்க."

அவள் ஒரு வரி எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை வாங்கிப் பாடினார். அப்பாவின் சர்ச்சில் மூப்பர் வரி சொல்ல, சபை இழுத்துப் பாடுமே, அப்படி. இரண்டாவது அடியில், ரெக்கார்டிங் அறைக்கு வெளியே விட்டுவிட்டு வந்த பழைய குரல் தானாக வந்து சேர்ந்துகொண்டது. யாரை வரச்சொல்லி இந்தப் பாட்டை எழுதினோம் என்பது அவருக்கே மறந்துபோயிற்று. ஊர் மொத்தமும் ஒரே வரியில் நின்றது. அவரும் அங்கேயே நின்றார்.

முடிந்ததும் வெர்லீன் மைக்கை கைக்குட்டையில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"நல்லாவே பாடுறீங்க பிரதர். ஆனா ஓசெல் அளவுக்கு வராது."

"வராதுதான்," என்றார் அவர், மைக்கைக் காலுறைக்குள் தள்ளிக்கொண்டே.

"நிஜமா நீங்க யாரு?"

ஓசெல் பையைத் தோளில் மாட்டினார்.

"அவருக்குத் தூரத்துச் சொந்தம்."

"அதானே பார்த்தேன்," என்றாள் வெர்லீன். "குரல்ல ஒரு சாயல் இருக்கு. வாங்க, மத்தியானம் ஒழுங்கா சாப்பிடலையே. மீன் எடுத்து வெச்சிருக்கேன்."