கழுவி முடிந்த கல்யாணம்

"நான் நிதிஷ், இருபத்து நாலு வயசு, ராயபுரத்துல மஜீது பாய் வீட்டு மாடியில இருக்கேன்" என்று செல்போனிடம் சொன்னான். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா வீட்டார் பாதிப் பேர் அவனைப் பார்த்ததே இல்லை. அதனால் எந்தச் செய்தியையும் இப்படித்தான் ஆரம்பிப்பான். சொன்னதெல்லாம் எழுத்தாக விழுந்தது. அடுத்த வரிதான் வாயில் வரவில்லை.

சாத்தூரில் அவன் அப்பா அம்மா கல்யாணத்தில் எடுத்த பிலிம் சுருளைக் கழுவாமலே போட்டோக்காரர் துபாய்க்குப் போய்விட்டார். மேடையில் தானும் நின்றதாகப் பெரியப்பா சொன்னார். அவர் கல்யாணத்துக்கே வரவில்லை என்றார் அப்பா. இருபத்தாறு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. இப்போது அக்காவுக்குக் கல்யாணம். "பிலிம்ல அவன் இருந்தா பத்திரிகையில பேரு போடுறேன்" என்று அப்பா இறங்கி வந்தார். வெள்ளிக்கிழமை பத்திரிகை அச்சுக்குப் போகிறது. வெளியே கொடுத்தால் கெடுத்துவிடுவார்கள் என்று பயந்து, நானே கழுவுகிறேன் என்று நிதிஷ் சுருளை வாங்கி வந்திருந்தான்.

ஒரு புத்தகம் படித்தால் போதும் என்றுதான் நினைத்தான். கீழே மஜீதின் பழைய பேப்பர் கடைக்கு, மூடிப்போன போட்டோ ஸ்டுடியோ ஒன்றின் புத்தகங்கள் மூட்டையாக வந்திருந்தன. முதல் புத்தகம் பிலிம் மருந்தில் எட்டு நிமிஷம் ஊறட்டும் என்றது. இரண்டாவது, பதினோரு நிமிஷம். மூன்றாவது, ஆட்டிக்கொண்டே இரு என்றது. நாலாவது, ஆட்டினால் போச்சு என்றது. பஞ்சாயத்துக்காக ஐந்தாவதை வாங்கினான். இருபத்து மூன்றாவது ருஷ்ய மொழியில் இருந்தது. ஓர் எழுத்தும் தெரியாது. ஆனாலும் அதில் மட்டும் ஏதாவது எச்சரிக்கை இருந்துவிட்டால்?

"ஒரு சுருளக் கழுவ இத்தினி புக்கா நைனா?" என்றார் மஜீது. "என் பொண்டாட்டி முப்பது வருசமா புக்கு இல்லாமதான் கழுவிகினு கீறா."

"தண்ணி இருபது டிகிரில இருக்கணும் பாய். இங்க குழாயிலயே முப்பத்தொண்ணு வருது."

"அப்ப காசிமேட்டுல மீனுக்குப் போடுற ஐஸ் மேல குந்திகினு கழுவு."

நிதிஷ் அதையும் குறித்துக்கொண்டான்.

இன்று வியாழக்கிழமை. திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் வேலை முடித்து மாடியேறினான். துணிக்கொடியில், மஜீதின் லுங்கிக்கும் தலையணை உறைக்கும் நடுவே, பிலிம் நாலு கிளிப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. மஜீதின் மனைவி ஜஹானாரா பக்கெட்டோடு நின்றாள்.

"தெனம் கழுவணும் கழுவணும்னு பொலம்பிகினு கீற. பாவம், வேலைக்குப் போற புள்ளன்னு நானே கழுவிட்டேன். மேல வழவழன்னு இன்னாமோ ஒட்டிகினு இருந்துச்சு. வெந்நீர்ல ஊறப்போட்டு, பிரஷ்ஷால தேச்சேன். இப்ப பாரு, கண்ணாடியாட்டம் கீது."

நிதிஷ் அதைத் தூக்கிப் பிடித்தான். அதன் வழியே துறைமுகத்துக் கிரேன் பளிச்சென்று தெரிந்தது. பெரியப்பா இல்லை. அப்பாவும் இல்லை. அம்மாகூட அந்தக் கல்யாணத்துக்கு வந்திருக்கவில்லை.

"ஆரு ஆரு வந்துகீறாங்க?" என்று எட்டிப் பார்த்தாள் ஜஹானாரா.

"யாருமே வரலக்கா."

"அப்பறம் சண்ட இன்னாத்துக்கு?"

அதன்பிறகுதான் செல்போனை எடுத்தான். பேரும் வயசும் சொல்லி முடித்து, கொடியிலிருந்து பிலிமின் கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். பிறகு மெதுவாகச் சொன்னான்:

"பிலிம் கழுவியாச்சு. ரொம்பச் சுத்தமா வந்துருக்கு. பெரியப்பா இல்லாத போட்டோன்னு இப்ப ஒண்ணுகூடக் கெடையாது. இதப் படிக்கிறது யாரா இருந்தாலும், நாளைக்கு அச்சுக்குப் போறதுக்குள்ள அவரு பேரப் பத்திரிகையில போட்டுருங்க."